கை கொடுத்துக் கெட்ட வழக்கு

பழைய இரும்பு வியாபாரம் செய்துகொண்டே சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் முதுகலை படிக்கப் போனவன் இந்த ஜொகூர் மாநிலத்தில் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள், ஆட்டுக்கறி விருந்து வைக்கிறேன். நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

என் பள்ளிப் படிப்பு செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும். அதற்கு மேல் மலாய்ப் பள்ளியில் புகுமுக வகுப்பில் பாதி வருடம். மீதிப் பாதி வருடம் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், லாரியில் பின்னால் ஏறி, வீடு வீடாகப் பழைய தகரமும் பாட்டரியும் எடுப்பதில் போனது. அந்த லாரியை விட்டு நான் இறங்கவே இல்லை. பின்னாலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன். பிறகு லாரியையே வாங்கினேன். தவுக்கே கடையை மூடிக்கொண்டு மகனிடம் போனபோது அவருடைய எடைமேடையையும் வாங்கிவிட்டேன். இன்றைக்கு ஸ்கூடாயிலிருந்து குளுவாங் வரை செம்புக்கும் பித்தளைக்கும் நான் சொல்கிற விலைதான் விலை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். கொஞ்சம்தான்.

ஐம்பது வயதுக்கு மேல் படிப்பு ஆசை வந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு வேலை அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்கிற வழி ஒன்று இந்த நாட்டில் உண்டு. அந்த வழியாக நுழைந்து முதலில் டிப்ளோமா, அப்புறம் பட்டம், எல்லாம் வாரக் கடைசி வகுப்புகளில் முடித்தேன். பேரப்பிள்ளைகள் இருக்கிற வயதில் தோளில் பை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களெல்லாம் இன்றைக்கும் மிச்சமிருக்கும் பல்லை வைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பட்டம் வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு சும்மா இருந்திருக்கலாம். மனித உரிமைச் சட்டம் என்கிற பேச்சு ஒரு கல்யாண விருந்தில் வந்தது. ஊரில் எனக்குத் தலைவர் என்று பெயர். கோயில் கமிட்டி மட்டும் காரணமில்லை. அண்ணன் தம்பி நிலத்தகராறு, மகனை வேலையை விட்டு நிறுத்திய தொழிற்சாலை, அடையாள அட்டை கிடைக்காத பிள்ளை என்று எது வந்தாலும் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பேசி முடித்து அனுப்புவேன். முடியாமல் போன விவகாரம் குறைவு. அந்த விருந்தில் என் மேசையில் உட்கார்ந்திருந்த இளம் வக்கீல் ஒருவர், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், இதெல்லாம் சர்வதேச சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் அங்கிள், கொஞ்சம் ஆழமானது என்று சொல்லிவிட்டு மீன் தலைக்கறியை என் பக்கம் தள்ளினார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் மீன் தலையைத் தள்ளிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு ஸ்கூடாயில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில். கீழே சலவைக்கடை, பக்கத்தில் பபள் டீ கடை. சனிக்கிழமை காலையில் அந்தச் சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது எந்த உடன்படிக்கையிலும் சேர்க்கப்படாத உரிமை. வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் வக்கீல்கள். மீதிப் பேர் ஆசிரியர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள். வயதில் எனக்கு அடுத்தவர் என் மூத்த மகளைவிடச் சிறியவர். பாடம் நடத்தியவர் ஒரு மலாய்ப் பெண்மணி. வெளிநாடுகளில் பெரிய பெரிய அமைப்புகளில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மலாய் வழக்கப்படி எல்லோரும் அவரை மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். குரல் உயரவே உயராது. குரல் உயராதவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வியாபாரத்தில் நான் கற்றிருந்தேன்.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில். என் ஆங்கிலம் காதால் படித்தது. சிங்கப்பூர்க் கட்டுமான இடங்களில் கம்பி வாங்கப் போய், மேற்பார்வையாளர்களிடம் வாதாடிப் படித்தது. பேசச் சொன்னால் நிற்காமல் பேசுவேன். எழுதச் சொன்னால்தான் கை தடுமாறும். முதல் பருவத்தில் உடன்படிக்கைச் சட்டம் என்ற தாளில் நான் தோற்றுப்போனேன். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தார்கள். சட்டம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாக, நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

அந்தத் தோல்வியை வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் கடையில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவள். எதிலும் எடை குறைத்துச் சொல்ல மாட்டாள்.

"ஊர் பூரா மாஸ்டர் படிக்கிறேன், மாஸ்டர் படிக்கிறேன்னு சொன்னது நீங்க. தோத்துட்டு வந்தா நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி இருந்துக்குவேன். யாராச்சும் கேட்டா உங்கள கை காட்டி விட்டுருவேன்."

இரண்டாம் பருவத்தில் வாய்மொழித் தேர்வு வந்தது. புவான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லூரியின் விதியை எடுத்துச் சொன்னார். ஒரு தாள் ஏற்கனவே போய்விட்டது. இதுவும் போனால் நான் தொடர முடியாது, பெயரை எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர்வதற்கும் வழியில்லை. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே, வாய்மொழிதானே புவான், வாய் என்றால் எனக்கு விடுங்கள் என்று மலாயில் சொன்னேன். கீழே வண்டியில் வந்து உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமலே இருந்தேன். அந்தப் படிப்பு போய்விடுமோ என்று நினைத்தபோதுதான் அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று தெரிந்தது. வாரம் முழுக்க இரும்பை எடை போட்டுவிட்டு சனிக்கிழமை மனிதர்களைப் பற்றிப் பேசுகிற இடம் அது ஒன்றுதான்.

தேர்வு இப்படி. இல்லாத ஒரு நாடு. அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவளுடைய பிறப்பைப் பெற்றோர் பதியாமல் விட்டதால் அவளுக்குக் குடியுரிமை மறுக்கப்படுகிறது. உள்நாட்டு அலுவலகம், நீதிமன்றம் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு, சர்வதேசக் குழு ஒன்றிடம் முறையிடுகிறாள். அந்தப் பெண்ணுக்காக நான் பேச வேண்டும். அந்த நாட்டு அரசாங்கத்துக்காக எதிரே பேசுகிறவர் ஒரு சீன இளைஞர். ஜொகூர் பாருவில் உண்மையாகவே வக்கீல். கறுப்புச் சட்டை, பளபளக்கிற பேனா, நல்ல பையன். குழுவாக உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர்கள் புவானும், கோலாலம்பூரிலிருந்து வரப்போகிற வெளித்தேர்வாளர் ஒருவரும்.

இதில் புவான் ஒரு புதுமை வைத்திருந்தார். வக்கீல் வெறும் காகிதத்துக்காகப் பேசக் கூடாது, உயிருள்ள ஒரு ஆளுக்காகப் பேசிப் பழக வேண்டும் என்று சொல்லி, முந்தின வாரமே தேர்வை முடித்துவிட்ட ஒரு மாணவியை அந்தப் பெண்ணாக என் பக்கத்தில் உட்கார வைத்தார். கூலாய்க்காரப் பெண், கத்தோலிக்கக் குடும்பம், ஜொகூர் பாருவில் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் வேலை. வகுப்பில் என்னோடு தமிழில் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளை நான் சந்தித்துப் பேசி, விவரம் கேட்டுத் தயார் செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு வாரம் கொடுத்தார்கள்.

சந்தித்தோம். கடைவரிசையின் மூலையில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில், வடையோடு. அவள் பையிலிருந்து வழக்குத் தாளை எடுத்து வைத்து, "கேளுங்க அங்கிள், நான் என்ன ஆளு, எனக்கு என்ன வேணும்னு" என்றாள்.

"எனக்குத் தெரியாத கேஸாம்மா இது? எத்தனை சிவப்பு ஐசி பாத்திருக்கேன் நானு."

ஐசி என்றால் அடையாள அட்டை. நீல அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு அட்டை இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்பவர்களுக்கு. எங்கள் தோட்டங்களில் பிறந்த எத்தனையோ பேர் பதிவில்லாமல் போனதால் சிவப்போடு நின்றார்கள். சிலர் அதுவும் இல்லாமல் நின்றார்கள். அதைப் பற்றி அவளுக்கு நான் விளக்கினேன். எப்படி மனு எழுத வேண்டும், எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும், நான் எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பதெல்லாம். அவள் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். என் வடையையும் சாப்பிட்டாள். எழுந்து போகும்போது, "நல்லா பேசுனீங்க அங்கிள்" என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தேர்வு நாளில் நான் கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மனைவி டையைக் கட்டிவிட்டு, எடைமேடையில் சரக்கைப் பார்ப்பது போல் ஒரு பார்வை பார்த்தாள்.

வெளித்தேர்வாளர் நரைத்த தலை, மெல்லிய ஆள். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் எழுந்தேன். தற்பெருமை வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் நன்றாகப் பேசினேன். கையில் தாள் இல்லை. பிறந்த மண் என்பது என்ன, பெற்றோர் செய்த தவறைப் பிள்ளை சுமக்கலாமா என்று என் காது ஆங்கிலத்தில் சரமாரியாகப் பேசினேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு அந்த சீன இளைஞர் எழுந்தார். நிதானமான பையன். உள்நாட்டில் எல்லா வழியையும் முயன்று பார்த்த பிறகுதான் சர்வதேசக் குழுவுக்கு வர வேண்டும், மேல்முறையீடு ஒன்று இன்னும் மீதம் இருக்கிறதே என்று பிடித்தார். அந்த மேல்முறையீட்டுக்குப் போயும் பிரயோஜனம் இல்லை என்று நான் காட்ட வேண்டும். காட்டுவதற்கு ஒரு பழைய தீர்ப்பு உண்டு. அதன் பெயர் அந்த நேரத்தில் என் மண்டையை விட்டு இறங்கி எங்கோ போய்விட்டது. சுற்றிச் சுற்றிப் பேசினேன். வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வியாபாரத்தில் எதிராளி கண்ணாடியைத் துடைத்தால் விலை படியவில்லை என்று அர்த்தம்.

அந்தச் சமயம் இளைஞர் ஒரு வார்த்தை விட்டார். அரசாங்கம் இரக்கமில்லாதது அல்ல, வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதி ஒன்றைப் பரிசீலிக்கத் தயார் என்றார். சொல்லிவிட்டு ஒரு கணம் தன் தாளைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இன்னும் இறங்கி வருகிறவனுடைய பார்வை அது. எத்தனை லாரிச் சரக்கை அந்தப் பார்வையை வைத்து வாங்கியிருக்கிறேன்.

நான் குழுவைப் பார்த்து, "கேன் வீ செட்டல்?" என்றேன்.

வகுப்பே சிரித்துவிட்டது. எங்கள் நாட்டுச் சாலையோரத்தில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புவான்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். ஆனால் நான் அசரவில்லை. இந்த மாதிரி முறையீடுகளில் இரண்டு தரப்பும் பேசி நேச உடன்பாட்டுக்கு வரலாம், குழு அதற்கு உதவலாம் என்று விதி இருக்கிறது. இத்தனை பாடத்தில் நான் ஆசையாக இரண்டு தடவை படித்தது அந்த ஒரு பகுதியைத்தான். வாழ்நாள் முழுக்க நான் செய்துவந்த வேலைக்கு ஜெனிவாவிலும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருந்தேன். விதியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வெளித்தேர்வாளர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சரி, பேசுங்கள் என்றார்.

பேசினேன் பாருங்கள். வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதி என்று ஆரம்பித்தவரை ஐந்து வருடத்துக்கு இழுத்தேன். ஐந்து வருடத்திலிருந்து நிரந்தர வசிப்புரிமைக்கு. அதற்குக் கட்டணம் கிடையாது. இத்தனை வருடம் வேலை கிடைக்காமல் போனதற்கு நஷ்ட ஈடு. இளைஞர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அவருக்கே ஆச்சரியம். கடைசியில் நான் மேசையைச் சுற்றிப் போய்க் கையை நீட்டினேன். அவரும் எழுந்து கை கொடுத்தார். பேனாவை மூடி, தாள்களைப் பைக்குள் வைத்தார். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நான் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். முதுகலைப் பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டது போலவே இருந்தது.

புவான் உயராத குரலில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கட்சிக்காரர் இதற்குச் சம்மதித்தாரா?

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கூலாய்ப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் ஒரு ஆள் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அங்கிள், எனக்கு சிவப்பு ஐசி வாங்கிக் குடுத்துட்டீங்க."

தமிழில் சொன்னாள். வகுப்பில் மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நிரந்தர வசிப்புரிமை என்று ஆங்கிலத்தில் பேசும்போது பெரிய வெற்றியாகத் தெரிந்த பொருள், தமிழில் அதன் நிறத்தைச் சொன்னதும் சின்னதாகிவிட்டது. பழைய தோட்டத்துக்காரன் நான், இல்லாத ஒரு நாட்டுக்குப் போய், வாதாடி, கை குலுக்கி, எங்கள் ஜனங்கள் வேண்டாம் என்று அழுத அதே அட்டையை வெற்றி வெற்றி என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் சம்மதிக்கவில்லை என்பது எங்கள் முகங்களிலிருந்தே புவானுக்குப் புரிந்துவிட்டது. வெளித்தேர்வாளரிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவர் தலையாட்டினார். கட்சிக்காரரோடு பேசிவிட்டு வாருங்கள், சில நிமிடம் தருகிறோம் என்றார்கள். நாங்கள் இருவரும் ஜன்னல் பக்கம் போனோம்.

"கை குடுத்துட்டேன்மா," என்றேன். "குடுத்த கைய நான் எப்பவும் திரும்ப எடுத்ததில்ல."

"அது உங்க கை அங்கிள். என் கையா குடுத்தீங்க?"

"காசும் வாங்கிக் குடுத்திருக்கேன்ல?"

"எனக்கு ஒரு மக இருக்கா. ரெண்டாவது பக்கத்துல போட்டுருக்கு. அப்பன் பேரு தெரியாது. எனக்கு சிவப்பு, சரி. அவளுக்கு என்ன கலரு?"

இரண்டாவது பக்கத்தை நான் படித்திருந்தேன். மகள் இருக்கிறாள் என்பதும் தெரியும். பேரம் பேசுகிற ஜோரில் அந்தப் பிள்ளையைத் தராசில் வைக்கவே இல்லை. தாய் குடிமகள் இல்லையென்றால் பிள்ளைக்கும் கிடைக்காது. பிள்ளைக்கு எந்த நாடும் இல்லாமல் போகும். பரம்பரையாகப் போகும். வடைக்கடையில் அவள் கேளுங்க அங்கிள் என்று சொன்னது இதைத்தான் கேட்கச் சொல்லி.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்லம்மா."

"எங்க அங்கிள் சொல்றது? நீங்க மூச்சு விட்டப்ப வடை தீந்துருச்சு."

அந்த ஜன்னல் ஓரத்தில் நான் பட்ட பாடு மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் இல்லை. இரும்பு வியாபாரத்தில் ரசீது அப்புறம்தான், கை முதலில். ஒரு முறை செம்புக்கு விலை சொல்லிக் கை கொடுத்த மறுநாளே சந்தை தலைகீழாகப் போனது. சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் வீட்டில் தீபாவளிக்கு யாருக்கும் புதுத்துணி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் என் கைக்கு இருந்த மதிப்பு வங்கிக் காசோலைக்கு இல்லை. அப்படிப்பட்ட கையை, ஒரு வகுப்பே பார்க்க, மகன் வயதுப் பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். உடன்பாட்டில் நின்றால் மதிப்பெண் வந்தாலும் வரும், வாக்கும் காப்பாற்றப்படும். உடைத்தால் மறுபடியும் முதலிலிருந்து வாதாட வேண்டும், மறந்துபோன அந்தத் தீர்ப்பும் இன்னும் ஞாபகம் வந்தபாடில்லை.

"என்ன அங்கிள் செய்யப் போறீங்க?"

"நீ சொல்லும்மா," என்றேன். "உனக்கு என்ன வேணும்?"

அவள் சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் முதலில் அந்த இளைஞரைப் பார்த்துத்தான் பேசினேன். நான் கை கொடுத்தது தவறு, கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும் என்றேன். சொல்லும்போது காது சூடானது. அவர் பைக்குள் வைத்த தாள்களை அவசரமாக வெளியே எடுத்தார். ஒன்று கீழே விழுந்தது. நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு குழுவைப் பார்த்துப் பேசினேன். இந்த முறை சரமாரி இல்லை. அவள் ஜன்னல் ஓரத்தில் சொன்ன வரிசையில், ஒவ்வொன்றாக. விருந்தாளிக்கு நீண்ட அனுமதி கொடுப்பது வேறு, இவள் இந்த வீட்டுப் பிள்ளை என்று ஒத்துக்கொள்வது வேறு. முதலாவது இரக்கம், இரண்டாவது உரிமை. என் கட்சிக்காரர் இரக்கம் கேட்டு இங்கே வரவில்லை. பிறந்த எந்தக் குழந்தைக்கும் ஒரு நாட்டைப் பெறுகிற உரிமை உண்டு என்று இந்த அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. தாயோடு செய்கிற இந்த உடன்பாடு மகளை எந்த நாடும் இல்லாமல் விட்டுவிடும். தாய்க்குக் குடியுரிமை, மகளின் பிறப்புக்குப் பதிவு, இரண்டும் இல்லாத உடன்பாட்டுக்கு அவர் கை கொடுக்க மாட்டார். மேல்முறையீடு பற்றி? அது முடிய எத்தனை வருடம் ஆகும் என்று அரசாங்கத்தால் சொல்ல முடியுமா, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் சேருகிற வயது அதுவரை காத்திருக்குமா என்று கேட்டேன். நான் மறந்த தீர்ப்பு சொல்கிற விஷயமும் ஏறக்குறைய அதுதான் என்று பிறகு புவான் சொன்னார். பெயர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

எல்லோரையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் நின்றோம். கீழே சலவைக்கடை இயந்திரம் சுற்றுகிற சத்தம் மாடி வரை கேட்டது. நான் டையைத் தளர்த்திக்கொண்டேன். தோற்றுவிட்டோம் என்று மனதுக்குள் ஏறக்குறைய முடிவு செய்தாகிவிட்டது. ஊரில் என்ன சொல்லலாம், கண் பார்வை சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேக்காமயே செட்டல் பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட கேக்காமத்தான வீடு மாத்துனீங்க, லாரி வாங்குனீங்க. அந்தப் பிள்ள உடனே கேட்டுருச்சு. எனக்குத்தான் இத்தன வருசமா தோணல." பிறகு, "என்ன ஆனாலும் வீட்டுக்கு வாங்க. மீன் வாங்கி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புவான் கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தேர்ச்சி என்றார். வரம்புக்கு மேல் கொஞ்சம்தான், ஆனால் தேர்ச்சி. படிப்பைத் தொடரலாம். முதல் பாதிக்கு என்னால் மதிப்பெண்ணே போட முடியவில்லை, இரண்டாம் பாதிதான் உங்களைக் காப்பாற்றியது என்றார். கட்சிக்காரரை ஒரு வாரம் முன்னாலேயே கேட்டிருந்தால் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் வந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். வெளித்தேர்வாளர் எழுந்து வந்து, தவறான பொருளுக்கு இவ்வளவு திறமையாக விலை பேசிய ஒருவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். அதில் திறமை, அனுபவத்தில் பார்த்ததில்லை ஆகிய பகுதிகளை நான் ஊரில் சொல்லி வருகிறேன். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு, அது ரகசியம், கல்லூரி விதி என்று சொல்லிவிடுவேன்.

வெளியே வந்தபோது நடைபாதையில் எல்லோருக்கும் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அந்தக் கூலாய்ப் பெண் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். நான் நேராக அந்த சீன இளைஞரிடம் போய்க் கையை நீட்டினேன். இரண்டு கைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்கிள், ஆஸ்க் கிளையன்ட் ஃபர்ஸ்ட் லா."

நடைபாதையே சிரித்தது. நான் நீட்டிய கையை மடக்காமல் அவள் பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா, குடுக்கலாமா?"

அவள் மேலே பார்த்தாள், என் கோட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். யோசிக்கிறாளாம். நான் காத்திருந்தேன், கை நீட்டியபடியே, அந்தப் பையனும் கைகளைப் பின்னால் வைத்தபடியே.

"இப்ப குடுங்க அங்கிள்," என்றாள்.